புது அடுக்களை அலமாரியில் பெயின்ட் கெட்டுப்போனால்: படிப்படியான முழு வழிகாட்டி

அலமாரி பொருத்தி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. கதவு விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும், அல்லது சிங்குக்குக் கீழே பெயின்ட் கொப்பளித்திருக்கும். உடனே ஒரு சின்ன டப்பா பெயின்டும் பிரஷும் வாங்கிவந்து தொட்டுவிடத்தான் கை போகும். சின்னச் சேதம் பெரிதாவது அப்போதுதான். ஆறாத பெயின்ட் மேல் பூசுவது, ஈரம் ஏறிய பலகையை மூடுவது, உரசும் கதவைச் சரிசெய்யாமல் நிறத்தை மட்டும் தொடுவது ஆகிய மூன்றில் எதைச் செய்தாலும் அதே இடம் மறுபடி பெயரும்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்து வீடுகளை மனதில் வைத்து எழுதியது இது. இங்கே இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. கடலோரத்தில் உப்புக்காற்று வேறு. பலகையும் வீட்டுக்கு வீடு மாறும்: பிளைவுட், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), மல்டிவுட் (பிவிசி நுரைப் பலகை), ரப்பர் மரம், பலா, அயினி (காட்டுப்பலா). மைக்கா ஒட்டிய கதவுகளுக்கு இந்த முறை பொருந்தாது. பெயின்ட் அடித்த கதவுகளுக்கு மட்டும்தான்.

1. முதலில் படம் எடுங்கள், எதையும் துடைக்காதீர்கள்

பகல் வெளிச்சத்தில், சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஒவ்வொரு சேதத்தையும் இரண்டு படம் எடுங்கள். ஒன்று தூரத்திலிருந்து, எந்தக் கதவு என்று தெரியும்படி. இன்னொன்று அருகில், பக்கத்தில் ஒரு ஸ்கேலோ நாணயமோ வைத்து. டியூப்லைட்டுக்கு நேராக நின்று எடுத்தால் கீறலும் பள்ளமும் படத்தில் விழாது.

பிறகு ஆசாரிக்கோ கடைக்கோ வாட்ஸ்அப்பில் தேதியோடு எழுதி அனுப்புங்கள். வாயால் சொன்னது இரண்டு மாதம் கழித்து நிற்காது. நீங்களே உப்புத்தாள் போட்ட பிறகு, "இது எங்கள் வேலையில் வந்தது இல்லை" என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். வாரண்டி இருந்தால் அதுவும் அங்கேயே முடிந்தது. கடைசித் தவணைப் பணம் கொடுக்கும் முன் எல்லாக் கதவையும் திறந்து, விளிம்பு, அடிப்பக்கம், கைப்பிடித் துளை என்று ஒரு சுற்றுப் பாருங்கள்.

செய்தவர் கைவிரித்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பில், அளவுத்தாள், பேச்சுவார்த்தைப் பதிவு மூன்றையும் பத்திரமாக வையுங்கள்.

2. சேதம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்: காரணம் அதில்தான்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். காரணம் தெரியாமல் பூசிய பெயின்ட் நிற்காது. ஆகவே இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

கதவின் ஒரே விளிம்பில், ஒரே உயரத்தில் பெயர்ந்திருந்தால் பக்கத்துக் கதவோடு உரசுகிறது. இரண்டு கதவுக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. இடைவெளி வேண்டும். ஒரு தாளை இடையே விட்டு மேலிருந்து கீழே இழுங்கள். எங்கே பிடிக்கிறதோ அங்கேதான் உரசல். இதற்கு முதல் மருந்து ஸ்க்ரூ டிரைவர். பெயின்ட் அடுத்தது.

மூலைகளில் மட்டும் பெயின்ட் தேய்ந்து பலகை தெரிந்தால், பலகையின் ஓரம் கத்திமுனை போலக் கூராக விடப்பட்டிருக்கிறது. ஈரப் பெயின்ட் கூரான முனையிலிருந்து இரண்டு பக்கமும் விலகி ஓடும். முனையில் மெல்லிய படலமே மிஞ்சும். ஓரத்தை உப்புத்தாளால் 1 முதல் 2 மி.மீ. வரை உருட்டிவிட்டால்தான் அங்கே பெயின்ட் தங்கும்.

மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது பெயின்ட் தகடு தகடாகக் கூடவே வந்தால் டேப்பைக் குறை சொல்லாதீர்கள். பெயின்ட் பலகையைப் பிடிக்கவே இல்லை. பிரைமர் (அடிப்பூச்சு) இல்லாமல் அடித்தது, மழமழப்பான பரப்பைத் தேய்க்காமல் அடித்தது, எண்ணெய்க் கை பட்டது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இதை உறுதிசெய்ய ஒரு சோதனை இருக்கிறது. கதவின் உள்பக்கம், கண்ணில் படாத இடத்தில் பிளேடால் 2 மி.மீ. இடைவெளியில் ஆறு கோடு, அதற்குக் குறுக்கே ஆறு கோடு கீறுங்கள். 25 சின்னக் கட்டங்கள் வரும். நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி ஒரே இழுப்பில் உரியுங்கள். வெட்டுக்கோட்டு ஓரத்தில் துணுக்குகள் மட்டும் வந்தால் பயமில்லை. கட்டங்களே முழுதாக வந்துவிட்டால் டச்சப் பயன்படாது. அந்தக் கதவை முழுக்கச் சுரண்டி மறுபடி அடிக்க வேண்டும். அது செய்தவர் பொறுப்பு.

அடிவிளிம்பு உப்பி, மேலே பெயின்ட் வெடித்திருந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது. சிங்குக் கதவிலும், கழுவித் தள்ளும் தரைக்கு அருகிலுள்ள கதவிலும் இதுதான் வழக்கம். ஒன்பதாம் பகுதியைப் பாருங்கள்.

பால் ஊற்றியதுபோல் வெளிறிய திட்டு, அதுவும் மழை நாளில் அடித்த என்சி அல்லது டூக்கோ (தின்னர் ஆவியாகிக் காயும் நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்) கதவில் என்றால், அது ஈரப் பூப்பு. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிரும், காற்றின் ஈரம் அதில் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். புதிதாக வந்த பூப்பு என்றால், வெயில் நாளில் மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மெல்லப் புகைபோல் அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தேய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள்.

பியூ (பாலியூரித்தேன் பெயின்ட்) கதவில் ஊசிமுனை அளவு குமிழிகள் நிறைய இருந்தால், அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் ஈரம் சேர்ந்திருக்கும். ஹார்ட்னர் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும், குமிழி அதனால்தான். ஒருமுறை திறந்து பல நாள் கிடந்த ஹார்ட்னர் டப்பா கலங்கியோ கெட்டியாகியோ இருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மரக்கதவின் சட்டமும் நடுப்பலகையும் சேரும் மூலையில் மயிரிழை போல நேர்க்கோடு ஓடினால் மரம் அசைந்திருக்கிறது என்று அர்த்தம். ரப்பர் மரப் பலகையில் துண்டுகளை விரல் விரலாகக் கோத்த இணைப்பு, சில மாதத்தில் பெயின்ட் மேல் வரிவரியாகத் தெரிவதும் இதே வகை. மழைக்காலம் முடிந்து மரம் அடங்கும்வரை தொடாதீர்கள். இன்று நிரப்பினால் பங்குனி வெயிலில் மறுபடி பிளக்கும்.

வெள்ளைப் பெயின்ட் மேல் மஞ்சள் அல்லது பழுப்புக் கறை ஊறி வந்தால், கீழே பலாப் பலகையா என்று கேளுங்கள். பலாவின் வைரத்தில் துணிக்குச் சாயம் ஏற்றும் அளவுக்கு மஞ்சள் இருக்கிறது. தண்ணீர் கலந்த வெள்ளை பிரைமர் அதை மேலே இழுத்துவிடும். மேலே எத்தனை கோட் வெள்ளை அடித்தாலும் கறை திரும்ப வரும். கறை மறைக்கும் தடுப்பு பிரைமர் அடித்த பிறகே நிறம்.

3. பெயின்ட் சேதம் அல்லாத கறையைப் பிரித்துப் பாருங்கள்

அலமாரி பொருத்திய பிறகுதான் டைல்ஸ் இடுக்கு நிரப்புவதும் சுவருக்குக் கடைசிக் கோட் அடிப்பதும் நம் ஊர் வழக்கம். ஆகவே சேதம் என்று நினைப்பதில் பாதி, மேலே படிந்த அழுக்காகவே இருக்கும்.

சிமென்ட் பால் தெறித்திருந்தால் ஈரத்துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு ஊறவிட்டு, பழைய ஏடிஎம் கார்டு போன்ற பிளாஸ்டிக்கால் மெல்லத் தள்ளுங்கள். காய்ந்ததை உலரத் தேய்த்தால் மணல் கீறும். டைல்ஸ் கழுவும் ஆசிட்டைக் கதவுப் பக்கமே கொண்டுவராதீர்கள். அதன் ஆவியே கீல், டிராயர் சேனல் எல்லாவற்றையும் துருப்பிடிக்க வைக்கும்.

சுவர் எமல்ஷன் துளிகள் பியூ கதவில் பட்டிருந்தால் வெதுவெதுப்பான ஈரத்துணி போதும். போகாவிட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹால், மறைவான இடத்தில் சோதித்த பிறகு. டேப் பசை காய்ந்து ஒட்டியிருந்தால் ஹேர் டிரையரில் லேசாகச் சூடுகாட்டி, 45 டிகிரி சாய்வில் மெதுவாக உரியுங்கள்.

4. உள்ளே என்ன பலகை என்று உறுதி செய்யுங்கள்

கீல் கழற்றினால் 35 மி.மீ. வட்டக் குழி தெரியும். அந்தக் குழிக்குள் பார்த்தாலே பலகை எது என்று சொல்லிவிடலாம். அடுக்கடுக்காக இருந்தால் பிளைவுட். ஒரே மாதிரிப் பழுப்புத் தூள் அழுத்தியது போல் இருந்தால் எம்டிஎஃப் அல்லது எச்டிஎச்எம்ஆர் (ஈரம் தாங்கும் அடர்த்தியான அழுத்துப் பலகை). வெள்ளையாக, நகம் பதியும் பிளாஸ்டிக் நுரை போல் இருந்தால் மல்டிவுட்.

இது ஏன் முக்கியம்? எம்டிஎஃப் தெரியும் இடத்தில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் அங்கேயே உப்பும். உலர் உப்புத்தாள் மட்டும்தான். மல்டிவுட் தண்ணீருக்கு அசையாது, ஆனால் அது பிவிசி. வீரியமான தின்னர் பட்டால் பரப்பு இளகும், ஹாட் ஏர் கன் காட்டினால் வளையும். பிவிசிக்கென்று உள்ள ஒட்டுப் பிரைமர் இல்லாமல் அடித்த மல்டிவுட் கதவில் பெயின்ட் உரிவதை ஆச்சரியமாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

5. மேலே என்ன பெயின்ட் என்று சோதியுங்கள்

செய்தவரிடம் கேளுங்கள், ஆனால் பதிலை மட்டும் நம்பிவிடாதீர்கள். பியூ என்று பில் போட்டு டூக்கோ அடிப்பதும் நடக்கிறது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் என்சி தின்னரைத் தொட்டு, கதவின் உள்பக்க மூலையில் அரை நிமிடம் வையுங்கள். மல்டிவுட் என்றால் ஒரு துளிக்கு மேல் வேண்டாம்.

நிறம் உடனே பஞ்சில் கரைந்து வந்தால் என்சி அல்லது டூக்கோ. பரப்பு சுருங்கி மெல்ல இளகினால் எண்ணெய் எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால் ஆறிய பியூ. தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் என்று சந்தேகம் இருந்தால் தின்னருக்கு முன் ஸ்பிரிட்டில் சோதியுங்கள். அது அதிலேயே பிசுபிசுக்கும்.

இந்தச் சோதனையின் முடிவுதான் அடுத்து எதை எதன் மேல் அடிக்கலாம் என்று தீர்மானிக்கும். எனாமல் மேல் என்சி அடித்தால் தோல் சுருங்குவதுபோல் சுருங்கும். என்சி மேல் பியூ அடித்தாலும் அடிக்கோட் தூக்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஒரே வகையின் மேல் அதே வகை என்பதுதான் பாதுகாப்பான வழி.

6. நாளைத் தேர்ந்தெடுங்கள்

பெயின்ட் தொட்டால் ஒட்டாமல் இருப்பது வேறு, முழுதாக ஆறி இறுகுவது வேறு. பியூ ஒரு நாளில் கைக்கு வரும், இறுக சுமார் 7 நாள். எனாமலுக்கும் தண்ணீர் அக்ரிலிக்குக்கும் மூன்று நான்கு வாரம். தடித்து அடித்த என்சியும் உள்ளே பல நாள் இளகியே கிடக்கும். மறைவான இடத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். பிறைத்தடம் நின்றால் இன்னும் ஆறவில்லை, உப்புத்தாளைக் கையில் எடுக்க வேண்டாம். ஆறாத பெயின்ட் தூளாக வராது; உருண்டு தாளில் அப்பிக்கொள்ளும்.

காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாளில் பெயின்ட் வேலை வேண்டாம். ஈரமானியை விலை குறைவாகவே வாங்கலாம்; இந்த ஊரில் அது வீண் செலவு ஆகாது. நம் பக்கம் தை முதல் பங்குனி வரை வசதியான காலம். மழைக்காலத்தில் செய்தே ஆக வேண்டுமென்றால் காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். சாயங்காலக் குளிர்ச்சியில் பரப்பு வியர்க்கும்.

7. வாங்கி வைக்க வேண்டியவை

உப்புத்தாள் 240, 320, 400 நம்பர் ஒவ்வொன்றிலும் இரண்டு தாள். வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாள்) 600, 1500, 2000 ஒவ்வொன்று. கைக்குள் அடங்கும் ரப்பர் கட்டை. விரலால் தேய்த்தால் விரல் வரிசையே பள்ளமாக விழும். இரண்டு பகுதிப் பாலியஸ்டர் புட்டி, அதைத் தடவ வளையும் தகடு, பெயின்டுக்கு ஏற்ற பிரைமர், அதே வகை நிறம், அதற்குரிய தின்னர். ஓவியத்துக்குப் பயன்படும் மெல்லிய பிரஷ் ஒன்று, ரப்பிங் காம்பவுண்ட் (தேய்த்துப் பளபளப்பாக்கும் பசை), நூல் உதிராத பருத்தித் துணி, மினரல் டர்பன்டைன்.

சுவருக்குப் போடும் வெள்ளை சிமென்ட் புட்டியை மரத்துக்குப் போடாதீர்கள். வீட்டில் மிச்சம் கிடக்கிறது என்று எடுத்துப் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அது ஈரம் குடிக்கும், வளையாது, கதவை நாலுமுறை ஓங்கிச் சாத்தினால் உதிரும். வெள்ளைப் பசையில் மரத்தூள் குழைத்து அடைப்பதும் அதே கதைதான். காய்ந்த பசை மேல் பெயின்ட் பிடிக்காது.

8. கதவைக் கழற்றி, கழுவி, பிறகு தேயுங்கள்

இந்த வரிசையை மாற்றக் கூடாது. முதலில் கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள், சன்னல்களைத் திறந்து வையுங்கள். தின்னர் ஆவி தீப்பிடிக்கும். கதவை மாட்டிய நிலையிலேயே சரிசெய்ய முயன்றால் பெயின்ட் கீழே வழியும், தூள் டிராயர் சேனலுக்குள் போகும்.

சாஃப்ட் குளோஸ் கீலில், மலையாளம் பேசும் ஆசாரி "விஜாகிரி" என்பார், பின்பக்கம் ஒரு கிளிப் இருக்கும். அழுத்தினால் கதவு கழன்றுவிடும். திருகுகளைத் தொட வேண்டியதில்லை. ஒருவர் கதவைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். கதவின் கீல் குழிக்குள் பென்சிலால் எண் எழுதுங்கள். பார்க்க ஒரே அளவாக இருந்தாலும் கீல் அமைப்பு கதவுக்குக் கதவு மாறும்.

பாத்திரம் கழுவும் சோப்பு நாலு துளி விட்ட தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, வெறும் தண்ணீர்த் துணியால் ஒருமுறை, பிறகு உலரவிட்டு டர்பன்டைனால் ஒருமுறை. தேங்காயெண்ணெய் தாளிப்புப் புகை புதுக் கதவிலும் ஒரே வாரத்தில் படியும். கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாள் அந்த எண்ணெயைக் கீறலுக்குள் அழுத்திவிடும்; மேலே அடிக்கும் பெயின்ட் மீன்கண் போல வட்டம் வட்டமாக விலகும். சிலிக்கான் சீலண்ட், மரச்சாமான் பாலிஷ், கீலுக்கு அடிக்கும் ஸ்ப்ரே எண்ணெய் மூன்றும் இதைவிட மோசம். சிங்கு ஓரத்துக்கு சிலிக்கான் போடும் வேலையைப் பெயின்ட் முழுக்க முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

9. சேதத்துக்கு ஏற்ற சிகிச்சை

மேலோட்டமான கீறல். நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டாவிட்டால் பெயின்ட் போட வேண்டாம். பளபளப்பான பியூவில் 2000 வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீர் தொட்டு ஒரே திசையில் பத்துப் பதினைந்து இழுப்பு, பிறகு ரப்பிங் காம்பவுண்டைப் பருத்தித் துணியில் தொட்டு வட்டமாகத் தேயுங்கள். மேட் (பளபளப்பு இல்லாத) கதவில் இதைச் செய்யவே கூடாது. தேய்த்த இடம் பளபளத்துத் தனித் திட்டாகத் தெரியும், திரும்ப மேட் ஆகாது. மேட்டில் கீறல் விழுந்தால் கதவு முழுவதற்கும் கடைசிக் கோட் அடிப்பதுதான் வழி.

சில்லுப் பெயர்ந்த இடம். பெயர்ந்த ஓரத்தை 320-இல் சரிவாகத் தேயுங்கள். விரலைக் கண்மூடி ஓட்டினால் படி இருப்பது தெரியக் கூடாது. சரிவு சில்லைச் சுற்றி ஒன்றரை, இரண்டு செ.மீ. வரை போகட்டும். படி இருக்கும்போது நிறம் பூசினால் வெளிச்சத்தில் அந்த விளிம்பு வடுவாக நிற்கும்.

பலகைவரை பள்ளம் இருந்தால் பாலியஸ்டர் புட்டி. 100 கிராமுக்குச் சுமார் 2 கிராம் ஹார்ட்னர், ஆனால் டப்பாவில் எழுதியதே இறுதி. ஹார்ட்னர் கூடினால் சீக்கிரம் இறுகும், மேலே வெள்ளை நிறத்தில் கறையாகவும் ஊறும். தேவைக்கு மட்டும் குழையுங்கள். சில நிமிடத்தில் கல்லாகிவிடும். ஒரே தடவையில் அடைக்காமல் மெல்லிய இரண்டு தடவை. அரை மணி கழித்து 240, பிறகு 320.

தூளை ஈரமில்லாத துணியால் எடுத்து பிரைமர் ஒரு மெல்லிய கோட். எம்டிஎஃப் விளிம்பு என்றால் இரண்டு அல்லது மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே 400. எம்டிஎஃப் விளிம்பு பெயின்டை உறிஞ்சும். ஒரு கோட்டோடு விட்டால் அந்த ஓரம் மட்டும் மங்கி, சொரசொரப்பாகத் தெரியும்.

நிறத்தைப் பிரஷால் இழுக்காதீர்கள். முனையில் சின்னத் துளி எடுத்துப் பள்ளத்தில் வைத்தால் அதுவே பரவும். காய்ந்து இறங்கியதும் மறுபடி ஒரு துளி. சுற்றுப்பரப்புக்கு ஒரு மயிரிழை மேலே நிற்கும்வரை மூன்று நான்கு தடவை வைக்க வேண்டியிருக்கும். பியூ என்றால் ஒரு வாரம் ஆறவிட்டு, 1500, 2000 வாட்டர் பேப்பரில் சமன்செய்து காம்பவுண்ட் போடுங்கள். அவசரப்பட்டு அடுத்த நாளே தேய்த்தவர்களுக்கு, துளி முழுதாகப் பிய்ந்துகொண்டு வந்திருக்கும்.

உப்பிய விளிம்பு. எம்டிஎஃப் ஒருமுறை உப்பினால் பழைய கனத்துக்குத் திரும்பாது. 2 மி.மீ. வரை உப்பல் என்றால் காப்பாற்றலாம். முதலில் கசிவை நிறுத்துங்கள். சிங்கு ஓரமும் கீழ்க் குழாயும் பாருங்கள். கதவைக் கழற்றி நிழலில், காற்றோட்டத்தில் பத்து நாளாவது உலரவிடுங்கள். வெயிலில் சாய்த்தால் கதவு வளையும். பிறகு உப்பல் முழுவதையும் 240-இல் சமமாகத் தேய்த்து, மெல்லிய சூப்பர் குளூவை விளிம்பில் ஊறவிட்டு இறுக வைத்து, புட்டி, பிரைமர், நிறம். சூப்பர் குளூ ஆவி கண்ணைக் கரிக்கும், காற்றோட்டத்தில் செய்யுங்கள். அதற்கு மேல் உப்பியிருந்தால் கதவை மாற்றுங்கள். புதுக் கதவுக்கு எச்டிஎச்எம்ஆர் அல்லது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட் கேளுங்கள். அடிவிளிம்புக்கும் பெயின்ட் ஏறியிருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்த்து வாங்குங்கள். பெயின்டர்கள் அதிகம் விட்டுவிடுவது அந்த விளிம்புதான்.

10. நிறம் பொருத்துவது

போன் படத்தைக் காட்டி நிறம் கலக்கச் சொல்லாதீர்கள். கழற்றிய ஒரு டிராயர் முகப்பையே கடைக்கு எடுத்துப் போங்கள். முதலில் அடித்த டப்பாவின் மூடியில் நிற எண்ணும் பேஸ் (நிறம் கலக்கும் அடிப்படைப் பெயின்ட்) எண்ணும் ஒட்டியிருக்கும். அதைப் படம் எடுத்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரே எண்ணாக இருந்தாலும் பாறசாலைக் கடையில் கலந்ததும் மார்த்தாண்டத்தில் கலந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறாகத் தெரியலாம். முடிந்தால் அதே கடை, அதே மெஷின்.

அட்டையில் ஒரு கோட் அடித்து முழுதாகக் காய்ந்த பிறகு, உங்கள் அடுக்களையிலேயே, பகலிலும் இரவு விளக்கிலும் கதவோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தால் மாறும். பளபளப்பு அளவும் சேர வேண்டும்: மேட், சாட்டின், கிளாஸ் எது என்று சொல்லியே வாங்குங்கள்.

வெள்ளை எனாமல் அலமாரி என்றால் ஒரு எச்சரிக்கை. எனாமல் இருட்டில் மஞ்சளிக்கும்; கதவின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட மஞ்சளாக இருப்பது அதனால்தான். புதிதாகத் தொட்ட வெள்ளை அங்கே பளிச்சென்று தனியாக நிற்கும். பியூ ஆர்டர் செய்பவர்களும் "மஞ்சளாகாத ஹார்ட்னர்" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

11. எப்போது ஸ்ப்ரேக்காரரிடம் கொடுக்க வேண்டும்

ஒரு கதவில் மூன்றுக்கு மேல் பெரிய சில்லு, இரண்டாம் பகுதியில் சொன்ன கட்டச் சோதனையில் தோற்ற கதவு, முகப்பின் நடுவே கண்ணில் படும் சேதம், மேட் கதவு: இவை கைவேலைக்கு ஒத்துவராது. ஸ்ப்ரேயிலும் நடுவில் ஒரு திட்டுக்கு மட்டும் அடிக்க விடாதீர்கள். கதவு முழுவதும், விளிம்பிலிருந்து விளிம்புவரை அடித்தால்தான் சேர்ப்பு தெரியாது. பக்கத்துக் கதவு ஒன்றைக் கூடவே கொடுத்தனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்க்க.

பியூவை வீட்டுக்குள் ஸ்ப்ரே செய்ய ஒத்துக்கொள்ளாதீர்கள். ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் பனிமூட்டம் மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம், ஏற்கெனவே இருப்பவர்களுக்கு அபாயம். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் அதைத் தடுக்காது. பட்டறையில் அடிக்கிறவர் பாதுகாப்பு மாஸ்க் போட்டிருக்கிறாரா என்று நீங்களும் கேளுங்கள், கேட்டால்தான் போடுகிறார்கள்.

திரும்பி வரும் கதவுகளுக்கு நடுவே நுரைத்தாள் வேண்டும். செய்தித்தாள் வைத்து முகத்தோடு முகம் அடுக்கி ஆட்டோவில் ஏற்றினால், ஆறாத பெயின்டில் அச்செழுத்தே பதிந்துவிடும்.

12. திரும்ப மாட்டுவதும் முதல் மாதமும்

மாட்டியதும் கீலைச் சரிசெய்யுங்கள். ஒரு திருகு கதவைப் பக்கவாட்டில் நகர்த்தும், இன்னொன்று உள்ளே வெளியே, மூன்றாவது மேலே கீழே. கால் சுற்று திருப்பி, மூடிப் பார்த்து, மறுபடி கால் சுற்று. 3 மி.மீ. இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக வரும்வரை விடாதீர்கள். முதலில் சில்லுப் பெயர்ந்ததற்கு இது காரணமாக இருந்தால், இந்தப் படிதான் உண்மையான பழுதுபார்ப்பு.

கதவு மூலைகளில் ஒட்டும் சின்ன ரப்பர் பொட்டுகளைப் பெயின்ட் ஆறிய பிறகு ஒட்டுங்கள். முன்னமே ஒட்டினால் அவை பெயின்டில் பதிந்து, பின்னர் உரியும்போது தோலையும் எடுத்துவரும். அதுவரை ராத்திரியில் கதவை இரண்டு விரல் திறந்தே விடுங்கள். பெயின்டும் பெயின்டும் அழுந்தி ஒட்டிக்கொள்வது முதல் வாரத்தில்தான்.

ஒரு மாதத்துக்கு ஈரமான மெல்லிய துணி மட்டும் போதும். ஸ்கிரப்பர், சோடா, ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். ஸ்டிக்கர், காலண்டர் கொக்கி ஒட்டாதீர்கள். குக்கர் விசிலும் புட்டுக் குடத்தின் ஆவியும் மேலலமாரிக் கதவில் நேராக அடிக்காதபடி அடுப்பின் முன் பர்னரில் வையுங்கள். மீன் கழுவிய உப்புத் தண்ணீர் சிங்குக் கதவில் வழிந்தால் அப்போதே துடைத்துவிடுங்கள், குறிப்பாக அடிவிளிம்பை.

மிஞ்சிய நிறத்தைச் சின்னக் கண்ணாடி பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி, நிற எண்ணும் தேதியும் எழுதி வையுங்கள். ஹார்ட்னர் கலந்ததைச் சேமிக்க முடியாது, சில மணி நேரத்தில் இறுகிவிடும். எனாமல் துடைத்த எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காயப்போட்டு எறியுங்கள். குவித்துக் கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.